கை நனைக்காத வீடு

கிராணி கனகசபை எனக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து நானூற்று அறுபது வெள்ளி. இதில் ஏழாயிரம் ஐம்பத்தைந்து வயதில் நான் எடுத்த சேமநிதிப் பணம். நானூற்று அறுபது, என் மனைவி ராஜம்மா அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்து எட்டு வருஷமாகிறது. மூன்று மாதத்தில் தருகிறேன் என்றார். மூன்றாம் மாதம், இங்கிலாந்தில் டாக்டராக இருக்கும் அவர் மகள் பிரேமளா வந்து, அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுத்து எதுவும் வாங்கவில்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவன், கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதா? காஹாங் தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் என் பெயரை எழுதியவரே அந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதும் அவர், சம்பள நாளில் என் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்குவதும் அவர். நாற்பது வயதுக்கு மேல், மகள் மலரின் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்து எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டேன். ஒரு சம்பள நாளில் பேனாவைக் கேட்டேன். "வரிசை நிக்குது வீரமுத்து, விரலை வையும்" என்றார். வைத்தேன்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு சாயங்காலம், தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். சம்சாரத்துக்கு நெஞ்சில் அடைப்பு, ஜொகூர் பாருவில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மகளிடம் கேட்க மனசில்லை, கடன் வாங்கிய விஷயம் சம்சாரத்துக்குத் தெரியக்கூடாது என்றார். ராஜம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி சன்னல் கட்டையில் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினார். பணத்தோடு அவர் போன பிறகு பார்த்தால் தேநீர் வைத்தது வைத்தபடி இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. ராஜம்மா அதை வாழை மரத்தடியில் ஊற்றினாள்.

இப்போது அந்த லயத்தை இடிக்கப் போகிறார்கள். தோட்டம் கைமாறிவிட்டது. சாலையோரம் குறைந்த விலை வீடு கட்டி, பழைய தொழிலாளிகளுக்கு முதலில் தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். கையில் இருந்ததையெல்லாம் சேர்த்தும் ஏழாயிரம் குறைந்தது.

மலரிடம் கேட்க முடியாது. அவளும் இங்கிலாந்தில்தான் இருக்கிறாள். யோர்க்ஷயர் பக்கம் ஒரு சின்ன டவுனில், முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் வேலை. விசாவுக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள். வர லீவு கிடைக்காமல், மூன்று வருஷம் எங்களைப் பார்க்காத ஏக்கத்தில் எனக்கு ஒரு விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அந்தக் காசை அனுப்பியிருந்தால் குறைந்த பணத்தில் பாதி ஆகியிருக்கும். பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்லவா முடியும்?

ராஜம்மா என் பையில் ஊறுகாய் போத்தலைத் திணித்துக்கொண்டே சொன்னாள்: "மலரு இருக்கிற எடத்துலேர்ந்து கிராணி வீடு பக்கந்தானாம். போங்க. மொகத்துக்கு நேரா கேளுங்க. காசு இல்லாம வந்தீங்கன்னா அந்த இடிஞ்ச லயத்துலயே படுத்துக்குங்க லா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

மலரோ என்னை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகும்போதே ஆரம்பித்தாள். "அப்பா, எங்க இல்லத்துக்கு வர்ற டாக்டரே பிரேமளா அக்காதான், அவங்க சொல்லித்தான் எனக்கு இந்த வேலையே கெடச்சுச்சு. நீங்க அங்க போயி காசு அது இதுன்னு ஆரம்பிச்சுடாதீங்க."

"அது நம்ம காசு மலரு."

"நம்ம காசுதான். இப்ப இது நம்ம சோறு. ரெண்டையும் கொழப்பாதீங்க."

ஆக, கேள் என்று ஒருத்தி, கேட்காதே என்று ஒருத்தி. நடுவில் நான், கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜூலை மாதத்தில் நடுங்கிக்கொண்டு.

ஒரு சனிக்கிழமை மலர் என்னை அழைத்துக்கொண்டு போனாள். டவுனிலிருந்து அந்தப் பள்ளத்தாக்குக்குச் செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் பஸ். அதுவும் எங்கள் தோட்டத்து வேன் அளவுதான். மேட்டில் ஏறி, திடீரென்று கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் பச்சை மலை. மலையென்றால் மரமில்லாத மலை. மொட்டைத் தலையில் பாசி பிடித்ததுபோல் புல் மட்டும். சாந்து பூசாமல் கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய சுவர்கள் மலை உச்சிவரை ஓடுகின்றன. எவன் அடுக்கினானோ, அவன் முதுகு என்ன பாடு பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடியில் ஒரு சிற்றோடை. இறங்கியதும் பஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லாரி இல்லை, கோழி இல்லை, கோயில் ஒலிபெருக்கி இல்லை. ஆடு புல்லைப் பிடுங்கும் சத்தம் தனியாகக் கேட்டது.

"எவ்ளோ அமைதி பாருங்கப்பா. இதப் பாக்க எங்கெங்கேர்ந்தோ காசு குடுத்து வராங்க" என்றாள் மலர்.

நான் காசு கேட்டு வந்திருந்தேன்.

கல்லால் கட்டிய மாடி வீடு. கிராணியின் மனைவி மீனலோசனி அம்மா கதவைத் திறந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மலருக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கிராணி பின்னால் கைத்தடியோடு வந்தார். சட்டையும் கம்பளியும் தோளிலிருந்து தொங்கின.

"வாரும் வீரமுத்து, வாரும்! இந்த நாற்காலியில இரும்" என்று என் கையைப் பிடித்தார். முப்பது வருஷத்தில் அவர் என் விரலைத்தான் பிடித்திருக்கிறார். கையைப் பிடித்தது அன்றுதான்.

டீச்சரம்மா பூப்போட்ட கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். தட்டில் கேக். நான் கை நீட்டவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போனாலும் சரி, வழக்குப் பேசப் போனாலும் சரி, வந்த காரியம் முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. சோறு வேண்டாம், ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் போச்சு. குடித்துவிட்டுக் கேட்டால் கேட்கிற நாக்கு குழறும். என் அப்பா அப்படித்தான் இருந்தார், நானும் அப்படித்தான். கேட்டு முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்று நினைத்தேன்.

"வேணாம்மா. இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்."

மலர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பங்கு கேக்கையும் எடுத்துத் தின்றாள். டீச்சரம்மா எங்களைவிட்டு ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. கடன் விஷயம் அவருக்குத் தெரியக்கூடாது என்பது பேச்சு. பேச்சென்றால் பேச்சு. திரும்பும் பஸ்ஸில் தாகத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மலர் வேலைக்குப் போனதும் தனியாகப் போனேன். மழை. டீச்சரம்மா துவாலை கொடுத்தார், சூடாக சூப் கொண்டுவந்தார்.

"வேணாங்கம்மா. விரதம்."

"இண்டைக்குச் செவ்வாயெல்லோ? என்ன விரதம்?"

"அது… ஒரு வேண்டுதல்."

அவர் சூப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார்.

மழை விட்டதும் கிராணி உலாத்தப் போகலாம் என்றார். எனக்கு உள்ளுக்குள் குதித்தது. வீட்டைவிட்டு இறங்கி, புல்வெளியைத் தாண்டி, ஓடையோரமாக நடந்தோம். வழியெல்லாம் ஆப்பிள் மரங்கள். ஒரு மரத்தடியிலும் வட்டமாகப் புல் வெட்டி வைக்கவில்லை. உதிர்ந்த பழத்தை எப்படிப் பொறுக்குவார்களோ தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் இப்படி வைத்திருந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தொண்டை கிழியக் கத்தியிருப்பான். அதைச் சொல்லலாம் என்று பார்த்தால், கிராணி என்னைப் பேச விட்டால்தானே.

"ஆபீசுக்குப் பக்கத்தில நிண்ட டுரியான் மரம் இருக்குதோ? கமலநாதன் இன்னும் லாரி ஓட்டுறானோ? அந்தச் சீனன்ர கடை?" கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மனுஷனுக்குக் காது கேட்கவில்லை.

"கிராணி ஐயா, ஒரு விஷயம்" என்றேன்.

"ஓம், ஓம், நல்ல காத்து" என்றார்.

"ஐயா, அந்தப் பணம்…"

"அதோ பாரும், ஆட்டுக்குட்டி."

கத்திச் சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் எப்படிக் கத்துவது? மேல் மலையில் ஓர் ஆடு இருமினால் கீழே கேட்கிறது. பெரட்டுக்களமாக இருந்தால் இருநூறு பேர் சத்தத்துக்கு நடுவில் கடனைக் கேட்டுவிடலாம், ஒருத்தர் காதிலும் விழாது. இங்கே மூச்சு விட்டாலே ஊருக்குச் சொன்ன மாதிரி. என்ன பள்ளத்தாக்கு இது, ஒரு கடனைக்கூட மறைவாகக் கேட்க முடியாத பள்ளத்தாக்கு.

ஆத்திரத்தில் தொண்டை காய்ந்துவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. ஓடையில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். ஓடை யார் வீட்டுச் சொத்தும் இல்லையே.

"ஐயோ வீரமுத்து! ஆடு மூத்திரம் பெய்யிற தண்ணி!" என்று அலறினார் கிராணி. பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கட தேத்தண்ணி வேண்டாமாம், இது காணுமாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டை நோக்கி நடந்தார்.

மறுநாள் ராஜம்மா போனில் வந்தாள். முகத்தைப் போனுக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்திருந்தாள், மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அவருக்குக் கேக்கல."

"என்னா கேக்கல?"

"காது கேக்கல."

"அலமாக்! அதுக்குன்னு? கத்திக் கேளுங்க. குலை விழறப்ப 'தள்ளு தள்ளு'ன்னு கத்துவீங்களே, ஒம்பதாம் நம்பர் காட்டுல கத்துனா எனக்கு லயத்துல கேக்கும். அந்தத் தொண்டை எங்க போச்சு?"

"டீச்சரம்மா காதுல விழுந்துடும்டி."

"விழட்டுமே. யாரு நெஞ்சுக்குக் குடுத்த காசு? அன்னிக்கு நம்ம வீட்டுத் தேத்தண்ணிய தொட்டாரா அந்த மனுஷன்? அந்த ஆளுக்காக நீங்க வாயை மூடிட்டு இருக்கீங்க. அய்யாவு வந்து கேட்டுட்டுப் போறாரு, உன் புருஷன் கட்டலன்னா அந்த வீட்ட நான் எடுத்துக்கவான்னு."

அய்யாவு எங்கள் அடுத்த லயத்துக்காரர். வீட்டுப் பட்டியலில் அவர் பெயர்தான் எனக்கு அடுத்த பெயர்.

வியாழக்கிழமை மூன்றாம் முறையாகப் போனேன். கிராணி மாடியில் இருந்தார். டீச்சரம்மா என்னை உட்கார வைத்து, மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்து, எதிரில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீர் ஓடையில தண்ணி குடிச்சதை இவர் வந்து சொன்னவர். ரெண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை வீரமுத்து. ஏன் எங்கட வீட்டில கை நனைக்கிறீர் இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

எனக்குத் திக்கென்றது. சொல்லிவிட்டாரா கிராணி?

"அந்தக் குவளைதானே?" என்றார்.

ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தோட்டத்தில் கிராணி பங்களாவின் பின்பக்கம், குழாயடியில், ஓர் ஆணியில் அலுமினியக் குவளை தொங்கும். விறகு பிளக்க, புல் வெட்டப் போகிற நாங்கள் அதில்தான் குடிக்க வேண்டும். குடித்துவிட்டுக் கழுவித் திருப்பி மாட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் கோப்பை வெளியே வராது.

"என்ர மாமியார் செய்த ஒழுங்கு அது. அவ செத்த பிறகும் நான் கழற்றேல்லை. படிப்பிக்கிறவள் நான். மலருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த அதே கையால உமக்கு அந்தக் குவளையைக் காட்டினன். பிழைதான். நீர் இப்ப எங்கட கோப்பையைத் தொடாதது சரிதான்."

குவளையை நான் மறந்துவிட்டேன் என்றால் பொய். ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. 'இல்லைம்மா, அதுக்காக இல்லை' என்றால் 'வேற எதுக்கு?' என்பார். கோப்பையை எடுத்துக் குடித்தால் அவர் மனம் ஆறும், என் வாய் அடைபடும், வீடு அய்யாவுக்குப் போகும். குடிக்காவிட்டால், இருதயத்தில் கத்தி வைத்த ஒரு மனுஷி நான் வன்மம் பிடித்தவன் என்று நினைத்து அழுதுகொண்டிருப்பார். ஏழாயிரத்து நானூற்று அறுபது வெள்ளிக்கு இவ்வளவு பாடா என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிராணி மாடியிலிருந்து இறங்கினார். "வாங்க ஐயா, நடந்துட்டு வரலாம்" என்று எழுந்துவிட்டேன். கோப்பை மேசையிலேயே இருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம், சுவரைத் தாண்டுவதற்கு வைத்திருக்கும் மரப்படியில் அவர் உட்கார்ந்தார். வீடு எதிர்ச் சரிவில் தெரிந்தது. டீச்சரம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தார், விரல் அளவில்.

"ஐயா, அந்தக் கடன்" என்றேன்.

"ஓம், குளிர்தான்" என்றார்.

"கடன் ஐயா. என் பணம்."

"வயது போனா அப்பிடித்தான்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மலர் சொன்னது போனது, கிராணிக்குக் கொடுத்த பேச்சு போனது, எல்லாம் போனது. குலை விழும்போது கத்துகிற தொண்டையில் கத்தினேன்:

"ஏழாயிரத்து நானூத்தி அறுவது வெள்ளி! டீச்சரம்மா ஆப்பரேசனுக்குக் குடுத்தேனே! எட்டு வருஷமாச்சு! எப்பய்யா தருவீங்க?"

ஆடுகளெல்லாம் தலையைத் தூக்கின. என் குரல் எதிர் மலையில் போய் முட்டி, 'எப்பய்யா தருவீங்க' என்று திரும்பி வந்தது. கொல்லையில் டீச்சரம்மா கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

கிராணியின் முகம் சாம்பலாகிவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "நீர் எதுக்கு வந்தனீரெண்டு முதல் நாளே விளங்கிச்சுது வீரமுத்து. என்ர கையில ஒரு சதம் இல்லை. என்ர பென்சனும் பிள்ளையின்ர கணக்குக்குத்தான் போகுது. பஸ்சுக்குக்கூட அவளிட்டத்தான் கேட்கவேணும். என்னெண்டு சொல்லுவன்?"

"அதச் சொல்லியிருக்கலாமே ஐயா!"

"உமக்கோ? நானோ?"

திரும்பி நடந்தபோது அவர் முன்னாலும் நான் பின்னாலும் போனோம், தோட்டத்தில் போவது மாதிரி. கொல்லைக் கதவில் டீச்சரம்மா ஈரத் துணியோடு நின்றார்.

"என்ர ஒப்பரேசன் காசு பிள்ளை அனுப்பினதெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

கிராணி காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். டீச்சரம்மா நேராக வந்து அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, காதில் வைக்கும் அந்தச் சின்ன மிஷினை எடுத்தார். என்னைக் கண்ட நாளெல்லாம் அதைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார் மனுஷன்! சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல் டீச்சரம்மா அதை அவர் காதில் மாட்டிவிட்டார்.

"இப்ப கேக்குதோ?"

"கேக்குது."

"எட்டு வருசமா இவற்ற காசில உயிரோட இருக்கிறன். அவரையே கோப்பையை நீட்டி நீட்டிக் குடி குடி எண்டிருக்கிறன். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"மலருக்கு வேலை எடுத்துக் குடுத்தனாங்கள்தானே" என்றார் கிராணி தரையைப் பார்த்து. "அதிலை கழிஞ்சுதெண்டு நினைச்சன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரக் கேட்டுக் கழிச்சீங்க? மழை பேஞ்சா அரை நாள் சம்பளத்த வெட்டிட்டு, வெட்டுன பெறகு சொல்லுவீங்களே, அது மாதிரியா? எம் மக கெழவன் கெழவிக்குப் பீ அள்ளி சம்பாதிக்கிறா ஐயா. அது அவ வேலை. என் கணக்குல அது வராது."

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப தேத்தண்ணி குடிக்காதது இதுக்குத்தானோ?"

"வந்த காரியம் முடியாம கை நனைக்கக் கூடாதுங்கம்மா. எங்க வழக்கம்."

"குவளைக்கில்லை?"

"அதுவும் ஞாபகத்துல இருக்குதுங்கம்மா. ஆனா வந்தது இதுக்குத்தான்."

அவர் தலையாட்டினார். உள்ளே போய், எனக்கு வைத்த கோப்பையை எடுத்துவந்து, ஆறிய தேநீரைப் புல்லில் ஊற்றினார்.

"இனி நான் தரவும் மாட்டன். ஊரில, குளுவாங் பாங்கில என்ர டீச்சர் பென்சன் விழுகிற கணக்கு இருக்கு. என்ர தம்பி லக்ஷ்மன்தான் பாக்கிறான். காசு உம்மட வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். பிறகு வாரும்."

மலர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "பிரேமளா அக்கா என்னைப் பாத்துத் தலைய ஆட்டிட்டுப் போறாங்க. அதுக்கு என்னா அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் ஒரு முறை கேட்டாள். வேலை போகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் திரும்பி வரும்வரை சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராஜம்மாவின் மூக்குத்தி போனில் தெரிந்தது.

"லக்ஷ்மன் வந்தாருங்க. கார்ல. கைல குடுத்தாரு. சில்லறை அறுவது வெள்ளி கூட மாறாம. உள்ள வந்து உக்காந்தாரு, நம்ம வீட்டுல ரெண்டு கப் தேத்தண்ணி குடிச்சாரு, முறுக்கும் தின்னாரு. நான் அப்படியே ஓடிப்போயி கட்டிட்டேன். அய்யாவு மூஞ்சியப் பாக்கணுமே!"

"சரி" என்றேன்.

"என்னா சரி? சந்தோஷமா சொல்லுங்க லா!"

ஊருக்குத் திரும்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பள்ளத்தாக்குக்குப் போனேன். டீச்சரம்மா வரச் சொன்னபடி. அன்றைக்கு வெயில் அடித்தது. மலையில் ஆடுகள் வெள்ளைப் பூவாக ஒட்டிக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தது. மனசு அதில் நிற்கவில்லை.

அதே பூப்போட்ட கோப்பை. டீச்சரம்மா என் கையிலேயே கொடுத்தார். வடை சுட்டிருந்தார். நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து அவரும் குடித்தார். மேலே மரப்பலகை கிரீச்சென்றது. கிராணி மாடியில் நடக்கிறார்.

டுரியான் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அன்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. மரம் இருக்கிறது, போன வருஷம் இடி விழுந்து ஒரு பக்கம் கருகிவிட்டது, மறுபக்கம் காய்க்கிறது. கமலநாதன் லாரியை விற்றுவிட்டுச் செனாய்ப் பக்கம் ஒரு பேக்டரியில் காவலுக்கு நிற்கிறான். அந்த மலைகளுக்கு நடுவில் இதைக் கேட்க ஆசைப்படுகிறவர் அவர் ஒருத்தர்தான்.

டீச்சரம்மா மாடிப்படியடியில் நின்று கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ! வீரமுத்து வந்திருக்கிறார். ஊருக்குப் போறாராம். இறங்கி வாங்கோ."

பலகைச் சத்தம் நின்றது.

"எனக்குக் கேக்கேல்லை" என்றது மேலேயிருந்து குரல்.

டீச்சரம்மா என் முகத்தைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார். நான் கோப்பையை எடுத்தேன். இருவருக்கும் சர்க்கரை வியாதி, அதனால் அந்த வீட்டில் சீனி கிடையாது. அடி மண்டிவரை குடித்தேன். குடித்துவிட்டு, பழக்கத்தில், எழுந்து போய்க் கோப்பையைக் குழாயில் கழுவினேன். எங்கே மாட்டுவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றேன். பிறகு அவர்களுடைய கோப்பைகளோடு அலமாரியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.